கிண்ணம் குடிக்கும் சூடு

கிரீன் டீ வாங்கிய பல வீடுகளில் நடப்பது இதுதான். உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, ஒரு பாக்கெட் வாங்குகிறோம். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, இறக்கிய கையோடு இலைமேல் ஊற்றி, மூடிவைத்து, ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டிக் குடித்தால் முகம் சுளிக்கிறது. முதலில் கசப்பு, பிறகு வாயெல்லாம் உலர்ந்துபோகும் துவர்ப்பு. தேன் சேர்க்கிறோம், எலுமிச்சை பிழிகிறோம், கடைசியில் மருந்தாக நினைத்து விழுங்குகிறோம். சில வாரங்களில் பாக்கெட் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது.

ஜப்பானில் பச்சைத் தேயிலையைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல்தான் காலங்காலமாகக் குடித்து வருகிறார்கள். அவர்களுடைய நாக்கு பழகிவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நல்ல ஜப்பானிய இலையை அவர்கள் போடும் முறையில் போட்டுக் கொடுத்தால் நம் நாக்குக்கும் அது இனிக்கத்தான் செய்கிறது. இலையின் தரத்துக்கு இதில் பங்கு உண்டு. அதற்குச் சற்றும் குறையாத பங்கு, அடுப்புக்கும் இலைக்கும் நடுவே நிற்கும் பாத்திரங்களுக்கு உண்டு.

அவர்களுடைய தேநீர்த் தட்டைப் பாருங்கள். பக்கவாட்டில் பிடி வைத்த ஒரு சின்னக் கெண்டி. பக்கத்தில், மூக்கு மட்டும் வைத்த ஒரு கிண்ணம். அதில் யாரும் குடிப்பதில்லை. சீனத் தட்டில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் மண் கெண்டி, மூடியும் தட்டும் உள்ள பீங்கான் கிண்ணம், இரண்டு மடக்கில் தீர்ந்துபோகும் குவளைகள். வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு எதை வாங்குவது என்று தலை சுற்றும். கடைக்காரர்கள் மண்ணின் பெருமையைச் சொல்வார்கள், வேலைப்பாட்டைக் காட்டுவார்கள். இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது, அந்தப் பாத்திரங்களெல்லாம் முதலில் சூட்டைக் கையாளும் கருவிகள் என்பது. அதைப் புரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

இலையில் இருந்து எது எப்போது இறங்குகிறது

பச்சைத் தேநீர், ஊலாங், கறுப்புத் தேநீர் எல்லாம் ஒரே செடியின் இலைகள்தான். பறித்த பிறகு இலையை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. அந்த இலைக்குள் நூற்றுக்கணக்கான பொருள்கள் உண்டு. நமக்கு இப்போது இரண்டு போதும்.

ஒன்று, கேட்டச்சின். பாலிஃபீனால் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. கசப்பும் துவர்ப்பும் இதன் வேலை. நம் எச்சிலில் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்கள் இருக்கின்றன. கேட்டச்சின் அவற்றைப் பிடித்துக்கொண்டு திரளச் செய்கிறது. வழுவழுப்பு போனதும் நாக்கும் அண்ணமும் உரசுகின்றன. அதைத்தான் துவர்ப்பு என்று உணர்கிறோம்.

மற்றொன்று, தியனின். இது ஓர் அமினோ அமிலம். தேநீருக்கு மெல்லிய இனிப்பையும், காளானிலும் பருப்பு வேகவைத்த நீரிலும் கிடைக்கிற நாவில் நிற்கும் சுவையையும் கொடுப்பது இது. ஜப்பானின் மிக உயர்ந்த பச்சைத் தேநீர்களில் ஒன்றான கியோகுரோவில் இருந்துதான் சகாதோ யாஜிரோ என்ற வேதியியலாளர் 1949-இல் இதைப் பிரித்தெடுத்தார். கியோகுரோ செடிகளைப் பறிப்பதற்கு முன் ஏறக்குறைய மூன்று வாரம் பந்தல் போட்டு நிழலில் வைக்கிறார்கள். வெயில் பட்டால் தியனின் கேட்டச்சினாக மாறத் தொடங்கிவிடும். நிழல் அதைத் தடுக்கிறது.

தியனின் வெதுவெதுப்பான நீரிலேயே தாராளமாக இறங்கிவிடும். கேட்டச்சினும் காஃபீனும் சூடு ஏற ஏறத்தான் வேகமெடுக்கும். ஆகவே 60 டிகிரி நீரில் இலையைப் போட்டால் இனிப்பு முந்திக்கொள்கிறது, கசப்பு பின்தங்குகிறது. 100 டிகிரி நீரில் போட்டால் இரண்டும் ஒன்றாகக் கொட்டுகின்றன. கசப்பு மற்றதை மூடிவிடுகிறது.

நம் வீட்டு டீ மட்டும் ஏன் கொதிக்கக் கொதிக்க நன்றாக இருக்கிறது? கறுப்புத் தேயிலை தயாராகும்போதே கேட்டச்சின்களில் பெரும்பகுதி காற்றோடு சேர்ந்து வேறு பொருள்களாக மாறிவிடுகிறது. டீத்தூளுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் தருபவை அவை. மிச்சமிருக்கும் துவர்ப்பைப் பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் எச்சிலுக்குப் போகவிடாமல் தானே பிடித்துக்கொள்கிறது. கொதிக்கவை, பாலை ஊற்று என்ற நம் சமையலறை விதி, டஸ்ட் டீக்கு மிகச் சரியான விதி. அதே விதியைப் பச்சை இலைக்கும் கொண்டுபோகும்போதுதான் சிக்கல் வருகிறது.

கியோகுரோவுக்கு 50 முதல் 60 டிகிரி. அன்றாட ஜப்பானியப் பச்சைத் தேநீரான சென்ச்சாவுக்கு 70 முதல் 80. சீனாவின் ஹாங்சோ பக்கத்து லோங்ஜிங் இலைக்கு 80-ஐ ஒட்டி. உருண்டையாகச் சுருட்டிய ஊலாங்குக்கு 95. பல வருடம் வைத்துப் பதப்பட்ட பூ-அர் தேநீருக்கு நல்ல கொதிநீர். இந்த அளவுகளை ஏறக்குறைய எல்லாத் தேயிலைக் கடைக்காரர்களும் சொல்வார்கள். ஆனால் தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் 70 டிகிரியை எப்படிப் பிடித்தார்கள்? பாத்திரத்தைக் கொண்டுதான் பிடித்தார்கள். அந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

நூறு மில்லி கொதிநீர் எங்கே போய் நிற்கும்

குளிக்க வெந்நீர் விளாவுவது எல்லோருக்கும் தெரியும். வாளியில் கொதிநீர், அதில் பச்சைத்தண்ணீர். சூடு நடுவில் எங்கோ வந்து நிற்கும். எங்கே என்பது எதை எவ்வளவு ஊற்றினோம் என்பதைப் பொறுத்தது. பீங்கான் கிண்ணத்தில் கொதிநீரை ஊற்றும்போதும் நாம் விளாவத்தான் செய்கிறோம். பச்சைத்தண்ணீரின் இடத்தில் கிண்ணம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பொருளை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் கொடுக்கவேண்டும் என்பதை வெப்ப ஏற்புத்திறன் என்கிறோம். தண்ணீர் இதில் பெரிய கை. எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் சூடேறும். பீங்கான், சுட்ட மண், கண்ணாடி ஆகியவை எடைக்கு எடை பார்த்தால் தண்ணீரில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வாங்கும். அதாவது 100 கிராம் எடையுள்ள பீங்கான் கிண்ணம், சூட்டுக் கணக்கில் 20 கிராம் தண்ணீருக்குச் சமம்.

சென்னையில் ஒரு காலைவேளை, அறைச்சூடு 30 டிகிரி. அலமாரியில் இருந்து எடுத்த கிண்ணமும் 30 டிகிரிதான். அதில் 100 மில்லி, அதாவது 100 கிராம் கொதிநீரை ஊற்றுகிறோம். நீர் கிண்ணத்தைவிட 70 டிகிரி கூடுதலாகச் சுடுகிறது. இந்த 70 டிகிரி உபரியை இதுவரை 100 கிராம் தண்ணீர் மட்டும் வைத்திருந்தது. இனி அதை 120 கிராமுக்குப் பங்குபோட வேண்டும். 70 என்பது 58 ஆகச் சுருங்குகிறது. பழைய 30-உடன் சேர்த்தால் 88 டிகிரி. ஊற்றிய மாத்திரத்தில் 12 டிகிரியைக் கிண்ணம் குடித்துவிட்டது.

கிண்ணத்துக்குப் பதில் கனத்த மண் கெண்டி இருந்தால்? எடை 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது 50 கிராம் தண்ணீருக்குச் சமம். 70 டிகிரி உபரியை 150 கிராமுக்குப் பங்குபோட்டால் ஏறக்குறைய 47; முப்பதைச் சேர்த்தால் 77 டிகிரி. ஒரே கெட்டில், ஒரே கொதி, ஒரே இலை. ஆனால் முதல் பாத்திரத்தில் இலை 88 டிகிரியில் ஊறுகிறது, இரண்டாவதில் 77 டிகிரியில். இரண்டு தேநீரும் ஒரே சுவையில் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். மண் கெண்டியில் போட்டதும் கசப்பு போய்விட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு மண்ணின் மாயம், எவ்வளவு 11 டிகிரியின் வேலை என்பதுதான் கேள்வி.

நம் எவர்சில்வர் டம்ளரையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். எஃகு எடைக்கு எடை தண்ணீரில் எட்டில் ஒரு பங்குதான் வாங்கும். டம்ளரோ மெல்லியது, 50 கிராம் இருந்தால் அதிகம். அது 6 கிராம் தண்ணீருக்குச் சமம். நூறு டிகிரி நீரை ஊற்றினால் 96-இல் நிற்கும். டம்ளர் சூட்டை எடுத்துக்கொள்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். நாம் டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே உயரத் தூக்கி ஆற்றுவதற்கு இது ஒரு நல்ல காரணம். பாத்திரம் எடுத்துக்கொள்ளாத சூட்டைக் காற்றும் ஆவியும் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

தெர்மாமீட்டரை வைத்துச் சோதிப்பவர்களுக்கு மேலே சொன்ன எண்களைவிட ஓரிரு டிகிரி குறைவாகவே காட்டும். ஊற்றும்போதே ஆவி கொஞ்சம் சூட்டைத் தூக்கிக்கொண்டு போவதால் வரும் வித்தியாசம் அது.

கனத்த கெண்டியில் கொதிநிலைக்குப் பக்கத்தில் ஊற வேண்டிய இலையை எப்படிப் போடுவது? முதலில் கொதிநீரை ஊற்றி அலசிக் கொட்டிவிட வேண்டும். கெண்டியின் சூடு 80 டிகிரிக்கு ஏறிவிட்டால், இரண்டாவது முறை ஊற்றும் கொதிநீர் அதைவிட 20 டிகிரிதான் அதிகம். பங்குபோட்ட பிறகு 93-இல் நிற்கும். சீனத் தேநீர்க்காரர்கள் குவளை, கெண்டி என்று எல்லாவற்றையும் முதலில் கொதிநீரால் கழுவுவதைப் பார்த்து அதைச் சடங்கு என்று நினைக்கத் தோன்றும். அந்தக் கழுவலில்தான் 16 டிகிரி இருக்கிறது.

இந்த விஷயம் பழைய தேநீர் ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் சாய் ஷியாங் என்ற சோங் வம்ச அதிகாரி தேநீரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அக்காலத்தில் தேயிலையைப் பொடியாக அரைத்துக் கிண்ணத்தில் நுரைக்க அடித்துக் குடிப்பார்கள். வெள்ளை நுரை எடுப்பாகத் தெரிய ஃபூஜியான் மாகாணத்தின் கறுப்புக் கிண்ணங்களைப் பரிந்துரைக்கும் அவர், அவற்றின் சுவர் சற்றுத் தடித்திருப்பதால் ஒருமுறை சூடேற்றிவிட்டால் எளிதில் ஆறாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். குளிர்ந்த தடித்த கிண்ணம் சூட்டைத் திருடும். சூடேற்றிய தடித்த கிண்ணம் அதைக் காக்கும். ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள் இவை.

யாரும் குடிக்காத கிண்ணம்

இனி அந்த மூக்கு வைத்த ஜப்பானியக் கிண்ணத்துக்கு வருவோம். அதன் பெயர் யுஸமாஷி. நீரை ஆறவைப்பது ஒன்றே அதன் வேலை. ஜப்பானில் ஒரு கைக்கணக்கு உண்டு: ஒரு பாத்திரத்தில் இருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் 10 டிகிரி குறையும்.

நம் கணக்கு இதை ஒத்துக்கொள்கிறதா? 100 கிராம் கிண்ணங்கள் சிலவற்றை வரிசையாக வைத்துக்கொள்வோம். முதல் கிண்ணத்தில் கொதிநீர் 88-க்கு வருகிறது. இரண்டாவதற்கு மாற்றினால் 79. மூன்றாவதில் 70-ஐத் தொடுகிறது. பின்னங்களையும் சேர்த்துப் பார்த்தால், குறைவது முதலில் ஏறக்குறைய 12, பிறகு 10, பிறகு 8. சராசரி ஏறக்குறைய பத்து! எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ஒரு சந்தோஷம் வரும். எண்களைத் தொடாமல் கைகள் கண்டுபிடித்த விதியை எண்கள் வந்து உறுதிப்படுத்துகின்றன.

நீர் ஆற ஆற ஒவ்வொரு மாற்றலிலும் குறைவது சுருங்கிக்கொண்டே போகும். சென்ச்சாவுக்கு இரண்டு மூன்று மாற்றல் போதும். கியோகுரோவின் 55 டிகிரிக்கு ஐந்தாறு முறை மாற்ற வேண்டும், அல்லது கிண்ணத்தைக் கையில் பிடித்து நிதானமாக உட்காரும் சூடு வரும்வரை காத்திருக்க வேண்டும். குடிக்கப்போகும் குவளைகளிலேயே முதலில் நீரை ஊற்றி, அதை யுஸமாஷிக்கு மாற்றி, அங்கிருந்து கெண்டிக்கு ஊற்றுவதும் வழக்கம். அதில் இன்னொரு சௌகரியம்: குவளைக் கணக்குக்கு மட்டும் தண்ணீர் எடுத்ததாகிறது, குவளைகளும் சூடாகிவிடுகின்றன.

யுஸமாஷி என்று பெயர் போட்டு விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. கனமான பீங்கான் கப் இரண்டு இருந்தால் போதும்.

உதகமண்டலத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் சுருக்கம். கடல்மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அறைச்சூடு 15 டிகிரி என்றால் ஒரே ஒரு கிண்ணத்தில் ஊற்றியதும் 80-க்கு வந்துவிடும். பச்சை இலைக்கு அது நல்ல தொடக்கம். ஊலாங் போட ஆசைப்பட்டால் சிரமம். கொதிநீரே 95-ஐத் தொடாது என்பதால், கெண்டியை இரண்டு முறையாவது கொதிநீரில் அலசிவிட்டுத்தான் இலையைப் போட வேண்டும்.

உள்ளங்கைக் கெண்டி

பொடித்து அடித்துக் குடிப்பதில் இருந்து முழு இலையை ஊறவைப்பதற்குச் சீனா மாறியதில் ஓர் அரசாணைக்கும் பங்கு உண்டு. மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஹோங்வூ, அரண்மனைக்குத் திறையாக வரும் தேயிலையை இனிக் கட்டியாக அழுத்தி அனுப்ப வேண்டாம், உதிரி இலையாகவே அனுப்புங்கள் என்று 1391-இல் உத்தரவிட்டார். உதிரி இலை என்றால் ஊறியபின் நீரையும் இலையையும் பிரிக்க வேண்டும். பொடி அடித்த கிண்ணத்துக்கு மூக்கு தேவைப்படவில்லை. ஊறும் இலைக்கு மூக்கு வைத்த கெண்டி தேவைப்பட்டது.

ஆனால் அது ஏன் 100 மில்லி அளவுக்குச் சிறுத்தது? குவாங்தோங் மாகாணத்தின் சாவ்சோ வட்டாரத்திலும் பக்கத்து ஃபூஜியானிலும் வேரூன்றிய கோங்ஃபூ முறையில், ஏழு கிராம் இலைக்கு நூறு மில்லி நீர்தான். நம் கணக்கில் மூன்று நான்கு பேருக்கான இலை. ஆனால் ஊறவிடுவது பத்து, பதினைந்து விநாடி மட்டும். ஊற்றிக் குடித்துவிட்டு அதே இலையில் மறுபடி நீர் ஊற்றுவார்கள்; ஆறேழு முறைக்குக் குறையாமல் ஓடும். வாசனைப் பொருள்களும் எளிதில் கரைபவையும் முதல் விநாடிகளில் இறங்க, மெதுவாக வருபவை வருவதற்குள் கதவைச் சாத்திவிடும் தந்திரம் இது. உருண்டையாகச் சுருட்டிய தியேகுவான்யின் என்ற ஊலாங் இலை முதல் இரண்டு சுற்றில் பாதிதான் விரியும். ஒவ்வொரு சுற்றிலும் வேறு சுவை தருவதற்கு அதுவும் காரணம்.

சின்னப் பாத்திரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. நீள அகல உயரங்களைப் பாதியாக்கினால் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடும். ஆனால் சூடு வெளியேறும் மேற்பரப்பு நான்கில் ஒன்றாகத்தான் குறையும். அதனால் சிறியது இரண்டு மடங்கு வேகமாக ஆறும். சாவ்சோக்காரர்கள் இலையும் நீருமாக மூடிய கெண்டியின் தலைமேல் மறுபடி கொதிநீரை ஊற்றுவது இதற்காகத்தான். வெளிச்சுவர் சூடாக இருக்கும்வரை உள்நீர் ஆறாது. அந்தப் பத்து விநாடிக்கு அது போதும்.

மூக்கில் கைவைத்துப் பாருங்கள்

விநாடிக் கணக்கு என்றானபின் கெண்டி எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்பது உயிர்நாடி. பத்து விநாடி ஊறவைத்த தேநீர் வெளியே வர இன்னும் இருபது விநாடி எடுத்தால், கடைசிச் சொட்டு முப்பது விநாடி ஊறியிருக்கும். முதல் குவளை தண்ணீராகவும் கடைசிக் குவளை கஷாயமாகவும் போய்விடும். எல்லாவற்றையும் முதலில் ஒரு பொதுக் குடுவையில் வடித்துக்கொண்டு பிறகு பங்கிடுவதற்கும் இதுவே காரணம்.

கடையில் நீர் நிரப்பிச் சோதிக்க விடுவார்கள் என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். நூறு மில்லி கெண்டி பத்து விநாடிக்குள் முழுதாகக் காலியாக வேண்டும். அடுத்து, ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மூடியின் உச்சியில் உள்ள சிறு துளையை விரலால் அடைத்துப் பாருங்கள். மூடி சரியாகப் பொருந்தியிருந்தால் நீர் டக்கென்று நிற்கும். வெளியேறும் நீரின் இடத்தைக் காற்று வந்து நிரப்ப வேண்டும். வழியில்லாவிட்டால் வெளிக்காற்றின் அழுத்தமே மூக்கு வழியாக நீரைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. விரலை எடுத்ததும் மறுபடி ஓடும். மூடிக்கும் வாய்க்கும் இடையே இடைவெளி இருந்தால் விரல் வைத்தாலும் நிற்காது. உள்ளே மூக்கின் அடியில் ஒரே பெரிய துளை இருந்தால் இலை வந்து அடைக்கும். பல சிறு துளைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஜப்பானின் கியூசு என்ற கெண்டிக்குப் பிடி பின்னால் இல்லாமல், மூக்குக்கு ஏறக்குறைய செங்கோணத்தில் பக்கவாட்டில் இருக்கும். மணிக்கட்டைத் திருப்பினால் போதும், கடைசிச் சொட்டுவரை வடிந்துவிடும். உள்ளே நீர் தேங்கினால் இலை ஊறிக்கொண்டே இருந்து அடுத்த சுற்றைக் கசக்கவைக்கும் என்பதால் அந்தக் கடைசிச் சொட்டுக்கு அவ்வளவு மரியாதை. ஐச்சி மாகாணத்தின் தொகொநாமே ஊர் இந்தச் செம்மண் கியூசுகளுக்குப் பேர்போனது. சில கெண்டிகளில் வடிகட்டியையும் அதே மண்ணிலேயே, நூற்றுக்கணக்கான ஊசித்துளைகளோடு செய்து ஒட்டியிருப்பார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் கீழே வைக்க மனம் வராது. வலக்கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவையே அதிகம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

யீஷிங் மண்

கெண்டி உலகத்தில் அதிகம் பேசப்படும் பெயர் யீஷிங். ஜியாங்சு மாகாணத்தில் தாய்ஹு ஏரிக்கு மேற்கே இருக்கும் ஊர். அங்கே கிடைக்கும், இரும்புச்சத்து மிகுந்த ஊதாமணல் களிமண்ணில் மிங் காலத்தில் இருந்து கெண்டி செய்கிறார்கள். சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணை மரச் சுத்தியால் தகடாகத் தட்டி, வளைத்து, உருளையாக்கி, மரப்பட்டையால் தட்டித் தட்டி வயிறு வரவழைக்கிறார்கள். ஆயிரத்து நூறு டிகிரிக்கும் மேல் சுடுகிறார்கள். மேலே பளபளப்பு பூசுவதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் தேயிலையோடு ஐரோப்பாவுக்குப் போன இந்தக் கெண்டிகளைப் பார்த்துத்தான் ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் பட்கர் என்பவர் 1700-களின் தொடக்கத்தில் செம்மண் பாண்டம் செய்யப் பழகினார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாகவே மைசன் பீங்கான் ஆலை 1710-இல் பிறந்தது.

பீங்கானின் மேற்பூச்சு ஒருவகைக் கண்ணாடி. அதில் எதுவும் ஒட்டாது, எதுவும் உள்ளே போகாது. பூச்சில்லாத யீஷிங் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. நீர் கசியாத அளவுக்குச் சிறியவை. ஆனால் வாசனை மூலக்கூறுகளும் பாலிஃபீனால்களும் ஒட்டிக்கொள்ள இடம் கொடுப்பவை. நாள்பட்ட கெண்டியின் உட்சுவரில் படியும் பழுப்புப் படலத்தைப் பார்த்தாலே இது தெரியும். ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேநீர் என்று அவர்கள் கட்டுப்பாடு வைத்திருப்பது நியாயமானது. மல்லிகைத் தேநீர் போட்ட மண் கெண்டியில் மறுநாள் பூ-அர் போட்டால் மல்லிகை எட்டிப்பார்க்கும்.

இதற்கு மேல் சொல்லப்படும் பெருமைகளில் பெரும்பகுதியைச் சூட்டின் கணக்கிலும் ஊற்றும் வேகத்தின் கணக்கிலும் எழுதிவிடலாம் என்பது என் கருத்து. முதல் கெண்டியாக யீஷிங் வாங்க வேண்டாம் என்று சொல்வதற்கு அதுதான் காரணம். போலிகளும் ஏராளம். கொதிநீர் ஊற்றியதும் ரசாயன வாடை அடித்தாலோ, வெள்ளைத் துணியால் துடைத்தால் நிறம் ஒட்டினாலோ அந்தக் கெண்டியில் எதையும் குடிக்காதீர்கள்.

இரும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானின் இவாத்தே மாகாணத்து வார்ப்பிரும்புக் கெட்டில்கள் தண்ணீர் காய்ச்சுவதற்கானவை. பூச்சில்லாத இரும்பில் இலையை நேரடியாகப் போட்டால் பாலிஃபீனாலும் இரும்பும் சேர்ந்து கருத்துவிடும். பழைய காலத்து எழுதும் மையைக் காய்ச்சியது இதே வேதியியலில்தான். உள்ளே எனாமல் பூசிய இரும்புக் கெண்டிகளில் இலை போடலாம், ஆனால் அவற்றை அடுப்பில் ஏற்றக் கூடாது, எனாமல் வெடித்துவிடும்.

முதலில் எதை வாங்குவது

கைவான் என்ற மூடிபோட்ட வெள்ளைப் பீங்கான் கிண்ணம், 100 முதல் 120 மில்லி அளவில். மெல்லிய சுவர், அகன்ற வாய். மூடியைத் திறந்துவைத்தால் சீக்கிரம் ஆறும், அதனால் பச்சை இலைக்கு ஆகும். கொதிநீரால் சூடேற்றி மூடிவைத்தால் ஊலாங்குக்கும் ஆகும். எந்த வாசனையையும் பிடித்துவைக்காது. மூடியைச் சற்றே சாய்த்து அந்த இடுக்கு வழியாக ஊற்றினால் ஐந்து விநாடியில் காலியாகிவிடும். வெள்ளை உட்புறத்தில் தேநீரின் நிறம் தெரிவதால் எப்போது நிறுத்துவது என்று கண்ணே சொல்லிவிடும். விளிம்பு நன்றாக வெளியே மலர்ந்திருப்பதாகப் பார்த்து எடுங்கள். விரல்கள் பிடிக்கும் இடம் அது, மலராத விளிம்பு சுட்டுவிடும். ஆர்த்தடாக்ஸ் என்று விற்கும் நீலகிரி முழு இலைகளுக்கும் இதைவிடப் பொருத்தமான பாத்திரம் எனக்குத் தெரியவில்லை.

ஜப்பானியப் பச்சைத் தேநீர் மட்டும்தான் குடிப்பேன் என்பவர்கள் தயங்காமல் கியூசு வாங்கலாம். லோங்ஜிங் விரும்புகிறவர்களுக்குச் செலவே இல்லை. உயரமான கண்ணாடி டம்ளர் போதும். ஹாங்சோவிலேயே பலர் அப்படித்தான் மூடாமல் போட்டு, இலை அடியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு குடிக்கிறார்கள். எதை வாங்கினாலும் சமையலறைத் தராசில் ஒருமுறை எடை போட்டு, ஐந்தால் வகுத்து, அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது எத்தனை கிராம் தண்ணீரின் சூட்டைக் குடிக்கும் என்பது அந்த எண்.

மூன்று குவளைச் சோதனை

கைவான் பழகி, மண் கெண்டி மேல் ஆசை வந்த பிறகு, மண் உண்மையிலேயே சுவையை மாற்றுகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். உணவு ஆய்வுக்கூடங்களில் முக்கோணச் சோதனை என்று ஒரு முறை உண்டு.

நண்பர் ஒருவரிடம் கெண்டியைக் கடன் வாங்குங்கள். கெண்டியும் கைவானும் எடையில் நெருங்கியிருந்தால் நல்லது. இரண்டையும் கொதிநீரில் நன்றாக அலசிச் சூடேற்றிவிட்டால் மீதி எடை வித்தியாசம் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். ஒரே இலை, தராசில் நிறுத்த ஒரே எடை, ஒரே தண்ணீர், கடிகாரம் பார்த்து ஒரே நேரம். வீட்டில் ஒருவர் உங்கள் கண்ணில் படாமல் மூன்று ஒரே மாதிரிக் குவளைகளில் ஊற்றட்டும்: இரண்டில் ஒரு பாத்திரத்தின் தேநீர், ஒன்றில் மற்றதன் தேநீர். எது தனித்தது என்று நீங்கள் சொல்ல வேண்டும். மூன்று குவளையும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். சூடு மாறினால் அதே தேநீரே வேறாகச் சுவைக்கும், சோதனை கெட்டுவிடும்.

ஒருமுறை சரியாகச் சொன்னால் அதில் பெருமை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. குவளைகளை இடம் மாற்றி ஐந்து முறை செய்யுங்கள். ஐந்தும் குருட்டாம்போக்கில் சரியாக அமைய 243-இல் ஒரு வாய்ப்புதான். ஐந்தையும் சரியாகச் சொல்லிவிட்டால் உங்கள் நாக்கு எதையோ பிடித்துவிட்டது. தைரியமாகக் கெண்டியை வாங்குங்கள். தடுமாறினால் அந்தப் பணத்துக்கு நல்ல இலை வாங்கிக்கொள்ளலாம்.